கழிதலும் கழித்தலும்

பழைய கட்டடம் ஒன்று இடிக்கப்படும்போதெல்லாம் தமிழறிந்தார் சிலர் நன்னூலைத் துணைக்கு அழைக்கின்றனர். பழையவை நீங்குவதும் புதியவை வந்து சேர்வதும் காலத்தின் இயல்பாதலின் குற்றமாகா என்று இலக்கணமே இசைவு தந்துவிட்டதாம்! நன்னூலார் அதனைச் சொற்களுக்குச் சொன்னாரேயன்றிச் சுவர்களுக்குச் சொன்னாரல்லர். அது கிடக்க. சுவர்களுக்கும் பொருந்தும் என்றே கொண்டாலும், அவர் ஆண்ட சொல் ‘கழிதல்’, ‘கழித்தல்’ அன்று. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. வழங்குவார் இன்றித் தானே உதிர்ந்த சொல் வேறு. நாவில் வழங்கிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கி எறியப்பட்ட சொல் வேறு. இவ்வேறுபாட்டை வகுப்பறையில் கற்பிக்கும் ஆசிரியர், வகுப்பறைக்கு வெளியே அதனை மறந்துவிடலாமோ?

இதனைக் கண்ணாற் காண விரும்புவோர் சிங்கப்பூரின் ஸ்டாம்ஃபோர்டு சாலைக்குச் செல்லலாம். ஒரே வளாகமாய் வளர்ந்த இடம் அது. அங்கு ஒரு கட்டடம் புதுமையோடு கூடி வாழ்கிறது. அதன் அண்டை வீடோ புதுமையின் பெயரால் மறைந்தது.

வாழ்கின்ற கட்டடம் தேசிய அரும்பொருளகம். 1887ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், நூலகத்தையும் அரும்பொருளகத்தையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டு அது திறக்கப்பட்டது. 1992இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2003இல் மூடப்பட்டு, கட்டடக் கலைஞர் மோக் வெய் வெய் தலைமையில் மறுவடிவம் பெற்று, 2006 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய குவிமாடமும் அதன் வண்ணக் கண்ணாடிகளும் செப்பனிடப்பட்டன. பின்புறம், கென்னிங் குன்றின் சரிவை ஒட்டி, கண்ணாடியும் எஃகும் கொண்ட புதிய பகுதி எழுந்தது. பழையதையும் புதியதையும் கண்ணாடிக் கூரை வேய்ந்த இடைவழி ஒன்று இணைக்கிறது. அங்கு நின்று அண்ணாந்து பார்ப்பவர், முன்னர் எவரும் எளிதிற் காணாத குவிமாடத்தின் புறத்தோற்றத்தை அருகிலேயே காணலாம்.

பழம்பெரும் மாளிகைக்குக் கண்ணாடி ஒட்டு எதற்கு என முகஞ்சுளிப்பார் உண்டு. அவர்க்குத் தமிழ் மாணவரே விடை கூறுவர். மூலநூலுக்கு உரை எழுதுவோன் மூலத்தின் நடையிலேயே எழுதி, அதனுள் தன் வரிகளையும் கலந்துவிட்டால் அதன் பெயர் உரையன்று; இடைச்செருகல். பழையதுபோல் நடிக்கும் புதுக்கட்டடம் அத்தகையது. ஸ்டாம்ஃபோர்டு சாலைக் கண்ணாடியோ தன்னை இக்காலத்தது என்று ஒளியாமற் சொல்கிறது. முன்னின்று நோக்குவார்க்குப் பழைய முகப்பையே காட்டிப் பின்னே அடங்கி நிற்கிறது. மூலம் மூலமாகவும் உரை உரையாகவும் விளங்குவதே நல்ல பதிப்பு. இதனைக் குறைகூறுவோர், எதிர்க்க வேண்டியதை விட்டு எதிர்க்க வேண்டாததை எதிர்க்கின்றனர்.

எதிர்க்க வேண்டியது அடுத்த வாயிலில் நிகழ்ந்தது. அரும்பொருளகத்தின் வயிற்றில் வளர்ந்த நூலகம், 1960ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அதன் பக்கத்திலேயே செங்கற்கட்டடம் ஒன்றிற்குத் தனிக்குடித்தனம் வந்தது. அதற்கென 1953இல் 375,000 வெள்ளியை நல்கியவர் லீ கோங் சியான். கட்டணமின்றி அனைவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும், மக்களின் தாய்மொழி நூல்களுக்கும் அங்கு இடம் வேண்டும் என்பன அவர் விதித்தவை. தமிழ் நூலுக்கும் அரசு மாளிகையில் ஓர் அலமாரி உரிமையாயிற்று எனின், அவ்வுரிமையின் அடிக்கல்லில் இந்நிபந்தனையும் உண்டு.

அக்கட்டடம் 2004ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் மூடப்பட்டது, பின்னர் இடிக்கப்பட்டது. காரணம், போர்ட் கென்னிங் சுரங்கச் சாலை. மக்கள் பலர் மன்றாடினர். கட்டடக் கலைஞர் தே கெங் சூன் 2000ஆம் ஆண்டிலேயே மாற்றுத் திட்டம் ஒன்றை வரைந்து காட்டினார், அது ஏற்கப்படவில்லை.

இடித்தோர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நூல்கள் பெருகின, இடம் குறுகிற்று. 2005இல் விக்டோரியா தெருவில் 16 மாடிகளுடன் புதிய நூலகம் திறக்கப்பட்டது. நகர நெரிசலுக்கும் வழி காண வேண்டியிருந்தது. இவை மெய்யே. ஆயின் நூல்களுக்கு இடம் போதவில்லை என்பது நூல்கள் வேறிடம் பெயர்வதற்குக் காரணமாகும். கட்டடம் மாய்வதற்குக் காரணமாகாது. அடுத்து, அச்செங்கற்கட்டடம் கலையழகில் சிறந்ததன்று என்றனர். பெற்ற தாயின் முகத்திற்கு மதிப்பெண் இடுவார் உண்டோ? பல்லாயிரம் ஏழை மாணவர்க்கு விளக்கும் மேசையும் அளித்த இடம் அது. அரும்பொருளகக் குவிமாடத்தைக் காத்த அறிவு, அண்டையிலிருந்த செங்கல்லைக் காக்கவில்லை. ஆள்வோர் கட்டிய வெண்மாளிகை வரலாறாகவும், மக்கள் படித்த செங்கற்கூடம் வெறும் மனையாகவும் கருதப்பட்டமையே குற்றம். அது தானே கழிந்ததன்று, கழிக்கப்பட்டது.

இவ்வழக்கம் அத்தீவுக்குப் புதிதுமன்று. சிங்கப்பூர் ஆற்றின் வாயிலில் ஏறத்தாழ 50 வரி பொறித்த பெருங்கல் ஒன்று நின்றது. 1843இல் ஆற்றுவாயை அகலப்படுத்தும் பணிக்காக அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எஞ்சிய துண்டு ஒன்று இன்று அதே அரும்பொருளகத்தில் மதிப்புடன் வைக்கப்பட்டுள்ளது. அதன் எழுத்து இன்றளவும் ஐயமறப் படிக்கப்படவில்லை. அன்று படகுக்கு வழி. பின்னர் மோட்டார் வண்டிக்கு வழி. முழுதாய் இருந்தபோது தகர்த்துவிட்டு, துண்டானபின் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுவது காத்தல் ஆகாது. கழுவாய் தேடுதலே ஆகும்.

இது சிங்கப்பூர்க் கதை என்று மலேசியத் தமிழாசிரியர் வாளாவிருத்தல் இயலாது. தோட்டங்கள் கைம்மாறுகின்றன, தமிழ்ப்பள்ளிகள் இடம் பெயர்கின்றன, பலகைச் சுவர்கள் போய்க் கற்சுவர்கள் எழுகின்றன. எழட்டும், மழையில் ஒழுகும் கூரையின்கீழ்ப் பிள்ளைகள் படித்தல் வேண்டும் என எவரும் கூறார். ஆனால் புதுக்கட்டடத் திறப்பு விழாவின் மாலை மணத்தில், பழைய சேர்க்கைப் பதிவேடு எங்கே, பள்ளியின் முதற் பெயர்ப்பலகை எங்கே, கைப்பணம் திரட்டிக் கட்டிய பெற்றோரின் பெயர்ப்பட்டியல் எங்கே என்று கேட்பவர் எத்தனை பேர்? அவற்றிற்கெனப் புதுக்கட்டடத்தில் ஓர் அறை, அதுவும் இயலாதெனில் ஒரு சுவர், வரைபடத்திலேயே ஒதுக்கப்படல் வேண்டும். கட்டி முடித்தபின் தேடினால் கிட்டுவது வெற்றிடமே.

ஸ்டாம்ஃபோர்டு சாலையில் பழைய நூலகத்தின் வாயில் தூண்கள் இரண்டு இன்றும் நிற்கின்றன. அரும்பொருளகம் காட்ட மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், கண்ணாடிக் கூரையின்கீழ் நின்று குவிமாடத்தைக் காட்டியபின், வெளியே வந்து அத்தூண்களையும் காட்டுதல் கடன். நுழைவதற்கு வாயில் உண்டு. புகுவதற்கு வீடு இல்லை. கழிதலுக்கும் கழித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க அதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எந்த இலக்கண நூலிலும் இல்லை.