எத்தனை வாட்?

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் முழங்கும் கூம்பு ஒலிபெருக்கி முல்லையாற்றின் அக்கரைக்கும் கேட்கும். ஐம்பது பேர் அமர்ந்து கிதார் கேட்கும் கூடத்துக்கு அது உதவாது. மந்தர ஸ்தாயியை அது விழுங்கிவிடும். ஒலிபெருக்கியே வேண்டாமென்றால், பிள்ளை தந்தியை அடித்து வாசிக்கப் பழகிவிடுகிறான். பிறகு அவன் விரலில் மென்மை ஏது?

"எத்தனை வாட் வாங்கலாம்?" என்றே பெற்றோர் கேட்கிறார்கள். வாட்டை இரு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். செவிக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். சிறு கூடத்துக்கு 30 வாட்டே போதும். 60 வாட்டுக்கு அதிகப்படியாகக் கொடுத்த பணத்துக்குக் காது சாட்சி சொல்லாது!

கவனிக்க வேண்டியது வேறொன்று. கிதாரின் குதிரைக்கு அடியில் பொருத்தும் பீஸோ பிக்கப், சுமார் 10 லட்சம் ஓம் உள்ளீட்டுத் தடையை வேண்டுவது. அதைச் சாதாரண மைக் துளையில் செருகினால் நாதம் தகரமாகிவிடும். வாத்தியத்துக்குள்ளேயே பாட்டரியுடன் கூடிய முன்பெருக்கி இருந்தால் இக்கவலை இல்லை. மின்சாரக் கிதாருக்கென்று செய்த பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் மயங்கவேண்டாம். அது தன் குரலையே பேசும், மரத்தின் குரலையன்று.

கடைக்குச் சொந்தக் கிதாரையே கொண்டுபோங்கள். மந்தரத் தந்தியை மீட்டி, ஒலியை மெல்ல ஏற்றிப் பாருங்கள். கூடம் நிறையுமுன் ஊளையிடும் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.