வெள்ள எச்சரிக்கை வீட்டு வாசல் வரை வர வேண்டும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானிலை ஆய்வு மையம் மழையின் அளவை முன்னறிவிக்கிறது. ஏரிகளிலிருந்து வெளியேற்றப்படும் நீரின் அளவை அரசு அறிவிக்கிறது. இவ்வறிவிப்புகள் இன்றியமையாதவை. ஆயினும், படுக்கையை விட்டு எழ இயலாத ஒருவர் உள்ள இல்லத்திற்கு இவை மட்டும் போதா என்பது எங்கள் கருத்து.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டதாக அரசு தெரிவித்தது. அடையாற்றங்கரையில், சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் தரைத்தளத்தில் வாழ்ந்தோருக்கு அவ்வெண் எதை உணர்த்தும்? தம் தெருவில் நீர் முழங்காலளவு நிற்குமா, கூரையைத் தொடுமா, எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதை அது சொல்லாது. அவ்வெள்ளத்தின்போது பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயின என்பதையும் மறத்தல் ஆகாது.

எந்தக் கால்வாய் முதலில் பொங்கும், எந்த வழி முதலில் அடைபடும், எந்த மாடி பலருக்கும் இடம் தரும் என்பதைத் தெருவில் வாழ்வோரே அறிவர். எனவே, எச்சரிக்கை அமைப்பில் அவர்கள் செய்தியைக் கேட்போராக மட்டுமன்றி, அதைத் திட்டமிட்டுப் பரப்புவோராகவும் இடம்பெற வேண்டும்.

இது இயலாத காரியமன்று. புதுச்சேரியின் நல்லவாடு மீனவக் கிராமத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையுடன் இயங்கிய தகவல் மையம், கடலின் நிலையை ஒலிபெருக்கியில் அறிவித்து வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த ஆழிப்பேரலைச் செய்தியை ஊரார் அதே ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் விரைந்து வெளியேறி உயிர் தப்பினர். ஆழிப்பேரலை வேறு, மழைவெள்ளம் வேறு எனினும், ஊர் பழகிய ஏற்பாடே ஆபத்தில் கைகொடுக்கும் என்பது இரண்டிற்கும் பொருந்தும்.

நோயாளியின் நிலையை அண்டை அயலாரிடம் தெரிவிக்கப் பல குடும்பங்கள் தயங்குகின்றன. அத்தயக்கம் நியாயமானதே. நோயின் பெயரைக் கூற வேண்டியதில்லை. தேவையைக் கூறினால் போதும். "இவரைத் தூக்கிச் செல்ல இருவர் வேண்டும்", "இவருடைய ஆக்சிஜன் கருவிக்கு மின்சாரம் வேண்டும்", "இவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் உண்டு" என்னும் மூன்று செய்திகளே தெருவில் யாரை முதலில் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதை முடிவுசெய்யும். அப்பட்டியல் நம்பிக்கைக்குரிய இருவரிடம் மட்டும் இருக்கலாம்.

மழை தொடங்குமுன் குடியிருப்போர் கூட்டத்தில் இதனை எழுப்புமாறு பராமரிப்பாளர்களை வேண்டுகிறோம். கனமழை எச்சரிக்கை வந்தால் டயாலிசிஸை ஒருநாள் முன்னதாகச் செய்துகொள்ள இயலுமா, மின்சாரம் தடைப்பட்டால் ஆக்சிஜனுக்கு மாற்று யாது, இன்சுலினை எவ்வாறு காப்பது என்பனவற்றை மருத்துவரிடம் இப்போதே கேட்டறியுங்கள். ஒரு வாரத்திற்கான மருந்துகளையும் மருந்துச் சீட்டின் நகலையும் நீர் புகாத உறையில் இட்டு வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, ஆம்புலன்ஸ் சேவையின் 108 ஆகிய எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அரசு முறையாக அறிவித்த பின்னும் அச்செய்தியுடன் ஒருவர் வந்து கதவைத் தட்டவேண்டிய வீடுகள் உண்டு. அவ்வாறு தட்டப்போகிறவர் யார் என்பதை மழைக்கு முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.