ஒரு கோப்பு, நூறு கணிப்பொறிகள்

உங்கள் பள்ளிக் கணிப்பொறி அறையில் 20 கணிப்பொறிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பாடக் கோப்பை அத்தனையிலும் பதிய வேண்டும். வழக்கமாக என்ன செய்கிறோம்? பென் டிரைவை ஒரு கணிப்பொறியில் செருகி நகலெடுக்கிறோம். பிறகு அதைப் பிடுங்கி அடுத்ததில் செருகுகிறோம். இருபதாவது கணிப்பொறியை எட்டும்போது பாட வேளை முடிந்துவிடுகிறது. இடையில் ஏதேனும் ஒன்றில் வைரஸ் இருந்தால், அதையும் நாமே வீடு வீடாகச் சுமந்து சென்று கொடுத்துவிடுகிறோம்!

இதே வேலையை ஓரிடத்தில் அமர்ந்து, விசைப்பலகையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டி முடிக்கலாம். இந்த முறையை உயர்நிலைப் பள்ளியிலேயே கற்றுத்தர வேண்டும் என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன், நீங்களே சீர்தூக்கிப் பாருங்கள்.

முதலில், இது நடக்கும் விதத்தைப் பார்ப்போம். தொலைவிலுள்ள கணிப்பொறிக்குள் பாதுகாப்பாக நுழைய எஸ்.எஸ்.எச். என்னும் முறை உண்டு. ஃபின்லாந்தைச் சேர்ந்த ததூ யுலோனன் 1995இல் இதை உருவாக்கினார். இதில் ஒரு பூட்டும் ஒரு சாவியும் உண்டு என்று கொள்ளுங்கள். பூட்டை இருபது கணிப்பொறிகளிலும் மாட்டிவிட்டு, சாவியை உங்களிடம் வைத்துக்கொள்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் தட்ட வேண்டியதில்லை. இனி, கணிப்பொறிகளின் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதி, "இதிலுள்ள ஒவ்வொன்றுக்கும் இக்கோப்பை அனுப்பு" என்று கட்டளையிட்டால் போதும்.

எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் இருபது மடங்கு வேகமாக முடியுமா? இங்கேதான் இயற்பியல் மாணவர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கோப்பு சிறியதானால், பெரும்பகுதி நேரம் தொடர்பு கொள்வதிலேயே போகிறது. அதை ஒரே நேரத்தில் செய்தால் ஆதாயம் உண்டு. கோப்பு பெரியதானால், அனுப்பும் கணிப்பொறியிலிருந்து புறப்படும் கம்பி ஒன்றுதான். ஒரு குழாயில் இருபது குடங்களை ஒன்றாக வைத்தாலும், ஒவ்வொன்றாக வைத்தாலும், எல்லாம் நிறைய ஆகும் நேரம் ஒன்றுதானே!

இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. கோப்பைப் பெற்ற கணிப்பொறி, தானும் கொடுக்கத் தொடங்கட்டும். சென்னைக் கணித அறிவியல் நிறுவனம் 2004இல் 'கப்ரு' என்னும் கணிப்பொறித் தொகுதியை அமைத்தது. இமயத்துச் சிகரம் ஒன்றின் பெயர் அது. 144 கணிப்பொறிகளைப் பிணைத்து, நொடிக்கு லட்சம் கோடிக் கணக்குகள் என்னும் அளவை அது தாண்டியது. இத்தகைய தொகுதியில் எல்லாக் கணிப்பொறிகளுக்கும் ஒரே நிரலைக் கொண்டுசேர்ப்பது அன்றாட வேலை. தலைமைக் கணிப்பொறி ஒன்று, 144 கணிப்பொறிகளுக்கும் ஒரு கோப்பை அனுப்புவதாகக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு நகலுக்கு ஒரு நிமிடம் என்றால், ஒவ்வொன்றாக அனுப்ப 144 நிமிடங்கள் ஆகும். பெற்றவர் எல்லாம் கொடுப்பவர் ஆனால், கோப்பு உள்ள கணிப்பொறிகள் 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256 என்று பெருகும். எட்டே நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்! சதுரங்கப் பலகையில் நெல்மணி கேட்டவன் கதை நினைவுக்கு வருகிறதல்லவா?

பாதை குறுகலாக இருக்கும் இடத்தில் இந்தச் சிந்தனை மேலும் பயன்படும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற வேண்டும். தலைச்சோலை, நாகலூர், மாரமங்கலம் போன்ற மலைக்கிராமங்களுக்குச் சரக்கு அனுப்ப விரும்புபவர், ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு லாரியை மலையேற்ற மாட்டார். ஒரே லாரியில் ஏற்றி, மேலே இறக்கி, அங்கிருந்து பிரித்து அனுப்புவார். கோப்பும் அப்படித்தான். மெதுவான இணையத் தொடர்பு கொண்ட மலைப்பள்ளி ஒன்றில் இருபது கணிப்பொறிகளும் ஒரே கோப்பைத் தனித்தனியே இறக்குவது வீண். ஒன்று மட்டும் இறக்கிக்கொண்டு, அறைக்குள்ளிருக்கும் கம்பிவழி மற்றவற்றுக்குப் பகிர்வதே அறிவுடைமை. ஏற்கெனவே உள்ள கோப்பில் சில பக்கங்கள் மட்டும் மாறியிருந்தால், மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும் 'ஆர்சிங்க்' என்ற நிரலும் 1996 முதல் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் விலை இல்லை. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' உள்ளிட்ட லினக்ஸ் இயக்க முறைமைகளில் இவற்றை இலவசமாகவே பெறலாம்.

"படத்தைச் சுட்டினால் நடக்கும் வேலைக்கு ஏன் கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டும்? அதுவும் ஆங்கிலத்தில்!" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் வேண்டியவை பத்துப் பதினைந்து சொற்களே. வேதியியலில் தனிமங்களின் குறியீடுகளை நாம் கற்கவில்லையா? சுட்டெலியால் செய்த வேலையை நாளை மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டும். எழுதிய கட்டளையோ காகிதத்தில் எழுதிய சமன்பாடு போன்றது. அதைச் சேமிக்கலாம், திருத்தலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கணிப்பொறியை வேலை வாங்குபவருக்கும் அது காட்டும் பொத்தான்களை மட்டும் அழுத்துபவருக்கும் உள்ள வேறுபாடு பெரிது. மலைக்கிராமத்து மாணவி இரண்டாம் வகையிலேயே நின்றுவிடக் கூடாது. தொலைவிலுள்ள கணிப்பொறிகளைப் பராமரிக்கும் கலையைக் கற்றவர், அவை இருக்கும் ஊரில்தான் குடியிருக்க வேண்டும் என்பதில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ஒரு கட்டளையால் நூறு கணிப்பொறிகளில் நல்ல கோப்பைப் பதிய முடியும் என்றால், ஒரு கட்டளையால் நூறையும் கெடுக்கவும் முடியுமே! உண்மைதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம், தன் வாடிக்கையாளர்களின் கணிப்பொறிகளுக்குப் பிழையுள்ள ஒரு கோப்பை அனுப்பிவிட்டது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் முடங்கின என மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்கு அட்டைகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பரவியது ஒரே வீச்சில். ஆனால் முடங்கியவற்றுள் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால்தான் சீர்செய்ய வேண்டியிருந்தது.

ஆகவே இக்கலையைக் கற்பிக்க வேண்டாம் என்பதா? மின்சாரம் ஆளைக் கொல்லும் என்பதற்காக மின்னியல் பாடத்தை நாம் விட்டுவிடவில்லை. எப்படிக் கையாள்வது என்று சேர்த்தே கற்பிக்கிறோம். இதிலும் மூன்று ஒழுக்கங்களைச் சேர்த்தே கற்பிக்கலாம். முதலில் ஒரே ஒரு கணிப்பொறிக்கு அனுப்பிச் சோதியுங்கள். அடுத்து நான்கைந்துக்கு அனுப்பிப் பொறுத்திருந்து பாருங்கள். கடைசியில் எல்லாவற்றுக்கும் அனுப்பி, போய்ச் சேர்ந்த நகல் மூலத்தோடு பிசகின்றி ஒத்திருக்கிறதா என்று சரிபாருங்கள். இந்த ஒழுக்கத்தைப் பதினைந்து வயதில், இருபது கணிப்பொறிகள் உள்ள அறையில் பழகிக்கொள்வது நல்லதா? பின்னாளில், லட்சம் கணிப்பொறிகள் கைக்கு வந்த பிறகு பட்டுத் தெரிந்துகொள்வது நல்லதா?

கணிப்பொறி இல்லாமலே நாளைக்கு வகுப்பில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒருவர் நான்கு வரிகள் எழுதட்டும். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதட்டும். பிறகு இருவரும் ஆளுக்கொருவருக்குக் கொடுக்கட்டும். 40 பேர் உள்ள வகுப்பில் எத்தனை சுற்றுகளில் எல்லோரிடமும் நகல் இருக்கும்? இரண்டாம் சுற்றிலேயே ஒருவர் ஒரு சொல்லைத் தவறாக எழுதிவிட்டால், கடைசியில் எத்தனை பேரிடம் பிழை இருக்கக்கூடும்? விடைகளைக் கண்டுபிடித்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். அப்படியே, கணிப்பொறி அறையில் இதை எப்போது செய்து பார்க்கலாம் என்றும் கேளுங்கள்.