சிரிக்க வைத்தவருக்கு நாம் செய்தது என்ன?

'மரிக்கார்' ராம்தாஸ் 2016இல் சென்னையிற் காலமானார். கொழும்பிலே மேடை, வானொலி, திரை, தொலைக்காட்சி என நான்கு துறைகளிலும் கால்பதித்த நகைச்சுவைக் கலைஞர் கடலுக்கு அப்பாற் கண்மூடினார். நாம் அனுதாபம் தெரிவித்தோம். அத்துடன் நம் கடமை முடிந்ததா?

1970களில் இலங்கை வானொலியில் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரை நம் வாசகரிற் பலர் மறந்திருக்கமாட்டார்கள். வெள்ளவத்தை மாடிவீட்டிலும் வன்னி வயற்கரையிலும் ஒரே வேளையில் ஒரே சிரிப்பு எழுந்த காலம் அது. மேடைத் தமிழை ஒதுக்கிவிட்டுக் கொழும்புத் தெருவிலே கேட்கும் தமிழை ஒலிவாங்கியின் முன் நிறுத்தினார் ராம்தாஸ். மரிக்கார் முஸ்லிம் மக்களின் தமிழிலும், அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழிலும், ஐயர் பிராமணர் பேச்சிலும், உபாலி சிங்களவர் பேசும் தமிழிலும் உரையாடினர். வேடங்களோ தலைகீழ்! முஸ்லிமான பி. எச். அப்துல் ஹமீது ஐயரானார். மரிக்காராக வந்தவர் ராம்தாஸ். உபாலியாகத் தோன்றிய செல்வசேகரனுக்கோ அப்பெயர் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. அப்புக்குட்டி ராஜகோபாலும் அவ்வாறே. பிறர் பேச்சைப் பகிடி பண்ணுவது யாருக்கும் இயலும். பகிடிக்கு ஆளானவனே முதலிற் சிரிக்கும்படி செய்வது எத்தனை பேருக்குக் கைவரும்?

1976இல் இந்நால்வரும் எஸ். இராமநாதனின் இயக்கத்தில் 'கோமாளிகள்' படமாகத் திரையேறினர். எழுதியவர் ராம்தாஸ். வட்டுக்கோட்டையில் தமிழர் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேற்றிய ஆண்டும் அதுவே. 1978இல் 'ஏமாளிகள்' வந்தது. வானொலி நாடகத்துக்குப் படம்பிடித்துக் காட்டினார்கள், அவ்வளவுதான் என்று குறைசொல்வோர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால், தென்னிந்தியப் படங்களின் நிழலிலே உள்ளூர்த் தமிழ்ப்படம் மூச்சுவிடவே திணறிய நாட்டில், நம் மண்ணின் பேச்சைப் பணங்கொடுத்துக் கேட்க மக்களைத் திரையரங்குக்கு அழைத்துவந்தது சிறு காரியமா?

1982இல் ரூபவாகினி பிறந்தது. இத்தகைய கலைஞர்க்கு அது பொற்காலமாய் அமைந்திருக்கவேண்டும். மறு ஆண்டு ஜூலையிற் கொழும்பு எரிந்தது. ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவும் எரிந்தது, படச்சுருள்கள் சாம்பலாயின, இயக்குநர் கே. வெங்கட் கொலையுண்டார். எஞ்சியோரிற் பலர் கடல்கடந்தனர். தொலைக்காட்சியிலே தமிழ் நாடகத்துக்குக் கிடைத்தது பந்தியின் கடைசி இலைதான்.

சட்டசபைப் பேச்சுக்களை அச்சிட்டுக் காக்கிறோம். நம்மவர் சிரித்த சிரிப்பைக் காக்க யார் இருக்கிறார்? அந்நாளில் வானொலிப் பெட்டியருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்து நாடகங்களைப் பதிந்தவர்கள் கோட்டஹேனவிலும் கல்கிசையிலும், ஏன், லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கக்கூடும். அந்த நாடாக்கள் பூஞ்சணம் பிடிக்குமுன் நூலகம் நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். அலுமாரியின் மேற்தட்டை இந்த ஞாயிறே பாருங்கள்.