மோரில் போடும் உப்பு

"எனக்குப் பிறஷர், பால் தயிர் ஆகாது" என்று எமது முதியவர்கள் பலர் தாமாகவே ஒரு பத்தியம் வைத்துக்கொள்கின்றனர். ஒரு கரண்டி தயிர் வைத்தாலும் கோப்பையை நகர்த்தி விடுவார்கள். அதே கோப்பையில் பொரித்த கருவாடும் மோர்மிளகாயும் ஊறுகாயும் இருக்கும். அவற்றை எவரும் தடுப்பதில்லை. இது தலைகீழான பத்தியம் என்பதே எமது கருத்து.

உப்பு உடலில் நீரைத் தேக்கி வைக்கிறது. அதனால் குருதியின் அளவு கூடி, குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. வயது போகப் போக நாடிகளின் சுவர் விறைக்கிறது. உப்பை வெளியேற்றும் சிறுநீரகத்தின் வலுவும் குறைகிறது. ஆகவே வாலிபன் தாங்கும் உப்பை அப்புவும் ஆச்சியும் தாங்கமாட்டார்கள். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி மட்டம்தான். கறியில், சம்பலில், கருவாட்டில் உள்ள எல்லாமே அந்தக் கணக்கில் அடங்கும். முகாமிலும் கொட்டிலிலும் மரக்கறிக்கு வழியில்லாத நாட்களில் கருவாடும் சம்பலும்தான் சோற்றை இறக்கின. அதை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்த நாக்குப் பழக்கம் எம்மோடு கூடவே ஊர் திரும்பிவிட்டது.

பாலின் பக்கம் வருவோம். 1997இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. வளர்ந்தோர் 459 பேரை மூன்று பிரிவாக்கி எட்டுக் கிழமை உணவளித்தார்கள். உப்பு எல்லோருக்கும் ஒரே அளவு. வழமையான சாப்பாடு உண்டவர்களோடு ஒப்பிட, பழமும் மரக்கறியும் கூடுதலாக உண்டவர்களுக்கு மேல் அழுத்தம் ஏறத்தாழ 3 புள்ளி குறைந்தது. அவற்றோடு கொழுப்புக் குறைந்த பாலுணவும் சேர்த்து, மற்றைய கொழுப்பையும் குறைத்தவர்களுக்கு 5.5 புள்ளி குறைந்தது. அவர்களுள் ஏற்கெனவே உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு 11 புள்ளிக்கு மேல். இது பால் தனியே செய்த வேலையல்ல. முழுச் சாப்பாடும் சேர்ந்து செய்தது. ஆனாலும் பால் பகையல்ல என்பது தெளிவு. 2001இல் அதே உணவில் உப்பையும் குறைத்துப் பார்த்தபோது அழுத்தம் இன்னும் இறங்கியது.

கொழுப்புக் குறைந்த பாலுணவு என்றதும் கடைப் பெட்டியைத் தேட வேண்டாம். தயிரைக் கடைந்து வெண்ணெய் திரட்டியபின் மிஞ்சும் மோர் அதுதானே! பால் குடித்தால் வயிறு பொருமும் முதியவர்களுக்கும் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். கெடுப்பது நாம் அள்ளிப் போடும் உப்பு. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, இஞ்சி, கொஞ்சம் தேசிப்புளி இருந்தால் உப்பில்லாமலே மோர் இறங்கும். முதலில் சப்பென்று இருக்கும். சில கிழமைகளில் நாக்குப் பழகிவிடும். ரின்பால் இதற்கு மாற்றல்ல. அதில் சீனி மிக அதிகம்.

இனிச் சற்றுச் சங்கடமான விடயம். 1995இல் வலிகாமத்திலும், 2008, 2009இல் வன்னியிலும் எமது மக்கள் மாடுகளைக் கட்டவிழ்த்து விட்டுவிட்டு வெளியேறினார்கள். பட்டி வைத்திருந்த குடும்பத்துக்கு இன்று ஒரு பசு, இரண்டு பசு. விடியற்காலையில் கறந்த பால் முழுவதும் சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அந்தக் காசில் வெளிநாட்டுப் பால்மா வாங்குகிறோம், அது பிள்ளைகளுக்கு. அப்புவுக்கு வெறுந்தேநீர். கடனும் பள்ளிக்கூடச் செலவும் உள்ள வீட்டில் இது நடக்கும். நாம் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் கானை மூடுமுன் ஒரு கோப்பைப் பாலை வீட்டுக்கென்று எடுத்து வைத்து உறை ஊற்றுங்கள் என்று கேட்கிறோம்.

வாழ்வாதாரத் திட்டம் வகுப்போருக்கும் ஒரு சொல். பசு கொடுத்தபின் எத்தனை லீற்றர் விற்றீர்கள் என்று மட்டும் கேட்டு எழுதுகிறீர்கள். வீட்டில் எத்தனை கோப்பை குடித்தீர்கள் என்பதற்கும் உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் வேண்டும்.

மோர் குடிக்கிறோம் என்று குளிசையை நிறுத்திவிடக் கூடாது. பிறஷர் பெரும்பாலும் எந்தக் குணங்குறியும் காட்டாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். வேறு வேறு நாட்களில் அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் நின்றால் வைத்தியரிடம் போக வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் பாலையும் பழத்தையும் கூட்டுமுன் கட்டாயம் வைத்தியரைக் கேளுங்கள். பாலிலுள்ள பொற்றாசியமும் பொசுபரசும் அவர்களுக்குக் கெடுதி செய்யலாம். இடம்பெயரும் அவசரத்தில் குளிசை தவறி, கிளினிக் கொப்பியும் தொலைந்து அவதிப்பட்ட முதியவர்கள் எம்மிடையே பலர். அந்தக் கொப்பியை அடையாள அட்டையும் காணி உறுதியும் இருக்கும் அதே பையில் வைத்துக்கொள்ளுங்கள்.