மஞ்சப்பைக்கு ஏன் வெட்கம்?



முதலாமாண்டு அட்மிஷனுக்கு வந்த அன்று என் மார்க் ஷீட்டும் டி.சி.யும் ஒரு மஞ்சப்பையில்தான் இருந்தன. வரிசையில் மற்றவர்கள் கையில் பளபளக்கும் பிளாஸ்டிக் ஃபைல். எனக்கு வெட்கமாகிவிட்டது. "சர்ட்டிபிகேட்ட என்கிட்ட குடுத்துட்டு, பைய மடிச்சு வச்சுக்கப்பா" என்றேன். அப்பா ஒன்றும் கேட்காமல் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பிளாஸ்டிக் ஒழிப்பு என்றாலே எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருகிறது. சட்டம் இல்லாமலா இருக்கிறது? ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. ஆனாலும் மாலை ஆனால் ஹாஸ்டலுக்குள் சாம்பார் கவர் வருகிறதே! தள்ளுவண்டி அக்காவைக் குறை சொல்லாதீர்கள். பாத்திரம் கொண்டு போகாதது நாம்தான். தூக்குவாளி தூக்கினால் பட்டிக்காட்டான் என்பார்களோ என்று பயம்!

நாம் தொழில்நுட்பம் படிப்பவர்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர்.வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியில் உருக்கிப் படியவைத்து, தார் சேர்த்து ரோடு போடலாம் என்று காட்டினார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்த ரோட்டுக்குப் போக, கவர் சுத்தமாகவும் தனியாகவும் சேர வேண்டும். பி.வி.சி. அதற்கு ஆகாது. சாம்பார் ஒட்டிய கவர் சாக்கடைக்குப் போய் அடைக்கிறது, மாட்டின் வயிற்றுக்குப் போகிறது. கொளுத்தினால் நச்சுப்புகை. ஆகவே முதல் வேலை, வாங்காமல் இருப்பதுதான்.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஆளுக்கொரு துணிப்பை, பார்சல் வாங்க ஒரு டிபன் பாக்ஸ். நம் சங்க விழாவுக்கு ஃபிளெக்ஸ் பேனர் வேண்டாம். அதுவும் பி.வி.சி.தான். துணியில் எழுதுவோம். அழகாக எழுதுகிறவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

இது எனக்குக் கடைசி வருடம். டிப்ளமோ சர்ட்டிபிகேட் வாங்க அப்பாவையும் அழைத்து வருவேன். அன்று மஞ்சப்பை என் கையில் இருக்கும், மடிக்காமல்.

நீங்களும் எடுத்து வாருங்கள் நண்பர்களே!