கௌதாரி நடமாடும் நிலம் தரிசு அல்ல

விடியற்காலையில் வரப்புக்கு அப்பாலிருந்து கௌதாரி விட்டு விட்டுக் கூப்பிடும் குரல், நம் திருவள்ளூர் மாவட்டத்து விவசாயிகள் யாருக்கும் புதிதல்ல. ஆனால் கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள பல ஊர்களில் இன்று அந்தக் குரலைக் கேட்பது அரிதாகிவிட்டது. காரணம் கேட்டால், "வலை வைத்துப் பிடித்துத் தின்றே தீர்த்துவிட்டார்கள்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

அது பாதி உண்மைதான். கௌதாரி பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடைகளில் விற்கும் பண்ணைக் காடை ஜப்பானிய இனம். அதை வளர்க்கலாம், தின்னலாம். கௌதாரியின் கதை வேறு. ஆனால், வலை போடுகிறவன் மீது மட்டும் பழியைப் போடுவது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வலைக்குத் தப்பிய கௌதாரி முட்டையிட இடமில்லாவிட்டால் என்ன செய்யும்?

கௌதாரி தரையில் வாழும் பறவை. பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும். புல் தூற்றின் அடியில் சிறு பள்ளம் பறித்து முட்டையிட்டு, மூன்று வாரத்துக்குள் குஞ்சு பொரிக்கும். இரவில் முள் மரத்தில் தாழ்வான கிளையில் அடையும். ஆக, அதற்கு அடைய முட்புதர் வேண்டும், கூட்டுக்குத் தூறு கட்டிய புல் வேண்டும், குஞ்சுகள் ஓடியாடிக் கறையானும் பூச்சியும் பொறுக்கக் குட்டைப் புல் தரை வேண்டும். இவை மூன்றும் நடக்கும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த இடம் எது? களா, காரை, சூரை, ஈச்சம்புதர் ஆங்காங்கே நிற்க, இடையே ஆடு மாடு மேய்ந்த புல் தரை கிடக்கும் நம்முடைய பழைய மேய்க்கால்தான். மாடு மேய்வதால் புல் அடர்ந்து மூடிப் போகாமல் இருக்கிறது. சாணத்தால் வண்டும் கறையானும் பெருகுகின்றன. மாடு போய்விட்டால் சீமைக்கருவேலம் வந்து நிலத்தை மூடிவிடும். அங்கே கௌதாரி அடையலாமே தவிர, குஞ்சுகளை மேய்க்க இடமிராது.

இத்தகைய நிலத்துக்கு நம் அலுவலகங்கள் வைத்திருக்கும் பெயர் புறம்போக்கு, தரிசு. பெயரே பாதி வேலையை முடித்துவிடுகிறது. கும்மிடிப்பூண்டி தாலுகா தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் நிலமும் புதர்க்காடும் சிப்காட் தொழிற்பேட்டைக்கு எடுக்கப்பட்டன. 2009இல் அங்கே டயர் தொழிற்சாலை அமைக்க ஒப்பந்தமாயிற்று. மாட்டை எங்கே ஓட்டுவது, விறகுக்கு எங்கே போவது, ஏரிக்கு வரும் நீர் என்னாகும் என்று ஊர் மக்கள் போராடிப் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சொந்த நிலம் அதிகம் இல்லாத ஏழைகள். தொழிற்சாலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே வேலைக்குப் போகிறார்கள். ஆனால், இரண்டு மாடும் நாலு ஆடும் வைத்திருப்பவனுக்கு மேய்க்கால் போனால் தவிடும் பிண்ணாக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான். கடைசியில் மாட்டையே விற்றுவிடுகிறான். அந்தக் கணக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் ஏறுவதில்லை.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்தது. அந்நாட்டின் மேற்குப் பகுதியில் சேஜ் கோழி என்றொரு தரைப்பறவை உண்டு. நம் பூக்கடை மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு புதர் பல நூறு மைல் பரந்து கிடக்கும் பூமியில்தான் அது வாழும். உழவு, எண்ணெய்க் கிணறு, காட்டுத்தீ, கம்பி வேலி என்று அந்தப் புதர்வெளி துண்டு துண்டாகிப் போக, 1960களின் நடுவில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு கோழிகளே மிஞ்சியிருப்பதாக 2021இல் அரசாங்க விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். 2010 முதல் அங்குள்ள வேளாண் துறை மாடு வளர்ப்போரையே துணைக்குச் சேர்த்துக்கொண்டது. புல்வெளியை மூடிய ஜூனிபர் மரங்களை வெட்டவும், பறவை மோதிச் சாகாதபடி வேலிக் கம்பியில் அடையாளத் துண்டுகள் மாட்டவும் பணம் கொடுத்தது. மரம் போன இடத்தில் மாட்டுக்கும் புல் கூடுதலாகக் கிடைத்தது. நம் ஊரில் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது, வெட்டிய இடத்தில் அடுத்து என்ன வளரவேண்டும் என்பதை நாம் யோசிக்கவே இல்லை.

இங்கிலாந்துக் கௌதாரியின் கதை நம் வயலுக்கு இன்னும் நெருக்கமானது.  1968 முதல் சஸெக்ஸ் வயல்களில் செய்த ஆய்வில், களைக்கொல்லி தெளித்ததால் களை போய், களையில் வாழ்ந்த பூச்சி போய், பூச்சி தின்னும் குஞ்சுகள் பட்டினியால் செத்தன என்பது தெரியவந்தது. பிறகு வயலோரத்தில் சில கஜ அகலத்துக்கு மருந்து தெளிக்காமல் விட்டுப் பார்த்தார்கள், குஞ்சுகள் பிழைத்தன. பெரிய கௌதாரி தானியம் பொறுக்கிப் பிழைத்துக்கொள்ளும், குஞ்சுக்குப் பூச்சிதான் ஆகாரம். நம் கௌதாரிக்கும் இது பொருந்தும்.

வரப்பைச் சுத்தமாக வைக்காவிட்டால் எலி வளை வைக்குமே என்பீர்கள். நியாயம்தான். எல்லா வரப்பையும் விடவேண்டாம். ஏரிக்கரையை அல்லது மேய்க்காலை ஒட்டிய வெளி வரப்பில் மட்டும் களைக்கொல்லி அடிக்காமல், புல்லைக் கொளுத்தாமல் விட்டால் போதும். புகையானைத் தின்னும் சிலந்தியும் பொறிவண்டும் அங்கேதான் தங்கும். உள் வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ போட்டால் அதற்கும் இதே பலன் உண்டு. குருத்துப்பூச்சிக்குக் கார்போபியூரான் குருணை போடுகிறவர்கள் அதைக் கரையில் சிந்தவிடக்கூடாது. பறவைகள் தானியம் என்று பொறுக்கிச் சாகும். இதே காரணத்தால்தான் அமெரிக்காவில் அந்தக் குருணை 1990களில் பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. விதைத்த வேர்க்கடலையைக் கௌதாரி கிளறுகிறது என்ற புகாரும் உண்டு. மயிலும் காட்டுப்பன்றியும் செய்யும் சேதத்தின் முன்னே அது ஒரு பொருட்டல்ல.

வரப்பை நாம் பார்த்துக்கொள்ளலாம், மேய்க்காலை ஊர்தான் பார்க்க வேண்டும். கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே திருப்பித் தர எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நம் ஊருக்குத் தானாக நடந்து வராது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் மேய்க்கால் என்று இருக்கும் சர்வே எண்கள் எவை, அவற்றில் இன்று மனைப்பிரிவு எவ்வளவு, சீமைக்கருவேலம் எவ்வளவு, மாடு மேய்வது எவ்வளவு என்று நாலு பேர் சேர்ந்து நடந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்குப் போனால் கௌதாரி எங்கே கூப்பிடுகிறது என்பதும் தெரிந்துவிடும். அந்த இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 என்று கிராம சபை கூடும் நாளில், "இந்தச் சர்வே எண்கள் மேய்ச்சலுக்கே இருக்க வேண்டும்" என்று தீர்மானம் எழுதச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.